கரையில் ஆடாத படகு

2019இல் இதே பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுதிக்கு மூன்று பக்கம் மதிப்புரை எழுதினேன். என் நண்பனுடைய இரண்டாவது தொகுதி அது. அவனுடைய முதல் தொகுதியை இரண்டு வருஷங்களுக்கு முன்னால் இங்கேயேதான் பாராட்டியிருந்தேன். 'ஸ்திரமான கவிதைகள்' என்பது அப்போது நான் உபயோகித்த சொல். இரண்டாவது தொகுதியைப் பற்றி எழுதும்போது அதே சொல்லைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கவிதைகள் ஆடுகின்றன, வாசகன் கால் ஊன்ற இடம் தருவதில்லை, ஒரு வரி கொடுத்ததை அடுத்த வரி காப்பாற்றுவதில்லை என்றெல்லாம் எழுதினேன். கவிஞன் தன் சாதனையிலிருந்து இறங்கி வந்திருக்கிறான் என்று முடித்திருந்தேன். அதற்குப் பிறகு அவன் எனக்குக் கடிதம் எழுதவில்லை, போனும் செய்யவில்லை. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. சண்டை போடுவதற்குக்கூட இருவர் பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நட்பை ஒட்டவைப்பதற்காக அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்கிறேன் என்று வாசகர் நினைக்க வேண்டாம். அந்த மதிப்புரையில் சில வாக்கியங்கள் இன்றும் சரி என்றுதான் எனக்குப் படுகிறது. தவறு அளவுகோலில் இருந்தது. அது தவறான அளவுகோல் என்பதை, மதிப்புரை எழுதுவதற்கு ஒரு வருஷம் முன்பே, ஒரு படகில் உட்கார்ந்து முதுகெலும்பால் தெரிந்துகொண்டிருந்தேன். முதுகெலும்புக்குத் தெரிந்த விஷயம் பிரக்ஞைக்கு வந்துசேர இத்தனை காலம் பிடித்திருக்கிறது. ஆகவே இது பெரும்பாலும் படகுகளைப் பற்றிய கட்டுரை.

நான் கடற்கரைக்காரன் இல்லை. என் ஊர் சீயமங்கலம். செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மகேந்திரவர்மன் பாறையில் குடைந்த சிவன் கோயிலால் சரித்திரக்காரர்களுக்குத் தெரிந்த ஊர். அவனிபாஜன பல்லவேசுவரம் என்பது கல்வெட்டில் அதற்குள்ள பெயர். எங்கள் ஊர்ச் சிறுவர்களுக்குத் தெரிந்த நீர்ப்போக்குவரத்து, மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் வாழைத்தண்டுகளைக் கட்டி ஏரியில் விடுகிற தெப்பம்தான். கடலை நான் முதன்முதலாகப் பார்த்தது பன்னிரண்டு வயதில், ஒரு பள்ளிச் சுற்றுலாவில். அது நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது எனக்கு ஒரு ஒழுங்கீனமாகப் பட்டது.

2016இலிருந்து 2019வரை மரக்காணத்தை ஒட்டிய ஒரு கிளையில் குமாஸ்தாவாக இருந்தேன். படகுக் கடன் கோப்புகள் என் மேசை வழியாகப் போகும். நீளம், அகலம், என்ஜின் குதிரைச் சக்தி, வலை, கொட்டேஷன், காப்பீடு என்று விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அலையில் இந்தப் படகு எப்படிப் போகும் என்பதற்குக் கட்டம் கிடையாது. நல்ல குமாஸ்தா கட்டம் இல்லாத கேள்வியைக் கேட்பதில்லை. நான் நல்ல குமாஸ்தா.

நண்பன் அங்கே ஒரு குப்பத்துக்காரன். பக்கத்து ஊர்ப் பள்ளியில் வாத்தியார். அப்பா கட்டுமரக்காரர். அண்ணன் ஃபைபர் படகு வைத்திருந்தார். அந்தக் கடற்கரையில் பெரும்பாலான வீடுகளின் வரலாறு இப்படித்தான். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியில் கட்டுமரங்களும் வள்ளங்களும் போயின. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பகுதி வெளிப்புற என்ஜின் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள். அதற்கு முன்பே அவை வரத் தொடங்கிவிட்டன என்றாலும், ஒரு தலைமுறை மரத்திலிருந்து ஃபைபருக்கு மாறியதை அந்த ஒரு நாள்தான் தீர்மானித்தது.

2018 தை மாசம். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது கொட்டகையிலிருந்து வெளியே வந்த ஒரு படகை அண்ணன் சல்லிசாக வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பதினைந்து அடி நீளம், ஆறரை அடி அகலம். நிறுவனத்தின் பெயர் இருந்த தகடு தேய்ந்துபோயிருந்தது. 1974 என்ற எண் மட்டும் தெரிந்தது. முன்பக்கம் மற்றப் படகுகளைப் போலக் கூராக இல்லாமல், இழுப்பறையை வெளியே இழுத்த மாதிரி சதுரமாக இருந்தது. கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால் அடியில் ஒன்றுக்கு மூன்று வயிறு. நடுவில் ஒன்று பெரிதாக, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று சிறிதாக, இடையில் இரண்டு நீளமான குடைவுகள். 'மூணு வயித்துப் படகு' என்று ஒரே நாளில் அதற்குக் குப்பத்தில் பெயர் வந்துவிட்டது.

இந்த உருவத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1914 வாக்கில் ஆல்பர்ட் ஹிக்மன் என்ற கனடாக்காரர் 'கடல் சறுக்கு வண்டி' என்று பொருள்படும் பெயரில் ஒரு படகைச் செய்தார். சாதாரணப் படகின் அடி கீழ்நோக்கிய கூம்பு என்றால், அவர் அதை நடுவில் பிளந்து பாதிகளை இடம் மாற்றி வைத்தார், கூம்பு தலைகீழானது. நாற்பது வருஷங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் டிக் ஃபிஷர் என்பவரும் ரே ஹன்ட் என்ற படகு வடிவமைப்பாளரும் அந்த யோசனையை எடுத்துத் திருத்தி, நடுவில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார்கள். 1958இல் பாஸ்டன் வேலர் என்ற பெயரில் பதின்மூன்று அடிப் படகு விற்பனைக்கு வந்தது. இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே நுரை நிரப்பியது, மூழ்காது. 1961இல் ஃபிஷர் அந்தப் படகை நடுவில் ரம்பத்தால் அறுக்கச் செய்து, என்ஜின் உள்ள பாதி ஓடிப்போகிற புகைப்படங்களை 'லைஃப்' பத்திரிகையில் வரவழைத்தார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் மூன்று வயிற்றுப் படகுகளைப் பல கம்பெனிகள் செய்து தள்ளின. எங்கள் 1974 அந்தக் கூட்டத்தில் ஒன்றாக இருக்க வேண்டும்.

முதல் நாள் அதை முகத்துவாரத்துக்கு உள்ளே, கழுவெளியிலிருந்து தண்ணீர் வந்து சேரும் அமைதியான பகுதியில் இறக்கினோம். அண்ணன், நண்பன், நான். ஃபைபர் படகில் ஏறும்போது என்னைப் போன்ற உள்நாட்டுக்காரன் ஓரத்தில் கால் வைத்தால் அது சட்டென்று அந்தப் பக்கம் சாயும், எல்லோரும் சிரிப்பார்கள். இதில் ஏறினேன், அசையவில்லை. ஓரத்துக்குப் போய் நின்றேன், அசையவில்லை. நண்பனையும் பக்கத்தில் கூப்பிட்டு இருவரும் ஒரே பக்கத்தில் நின்றோம்; விரல் அளவு தாழ்ந்து நின்றுவிட்டது. வீட்டுத் திண்ணையில் நிற்கிற மாதிரி இருந்தது.

"பேங்க் சாருக்குப் புடிச்சுப்போச்சு" என்றார் அண்ணன்.

பிடித்துத்தான் போயிற்று. தண்ணீரின் மேல் நின்றுகொண்டு தண்ணீரை மறந்துவிட முடியும் என்பது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. இப்படி ஒரு படகுக்குக் கடன் கேட்டு யாராவது வந்தால் உடனே சிபாரிசு செய்யலாம் என்று சொன்னதாக ஞாபகம். கரையில் நண்பனின் அப்பா உட்கார்ந்து கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தார். "நீங்களும் வாங்கய்யா" என்றேன். அவர் வரவில்லை.

"அது எல்லாத்துக்கும் எதுத்து நிக்குது தம்பி. உள்ள சரி. வெளிய போய்ட்டு வந்து சொல்லு" என்றார்.

மறுநாள் காலையில் வெளியே போனோம். அண்ணன் இருபத்தைந்து குதிரைச் சக்தி என்ஜின் ஒன்றை இரவல் வாங்கிப் பூட்டியிருந்தார். முகத்துவாரத்தைத் தாண்டும்வரை ஒன்றுமில்லை. வாடை லேசாக அடித்துக்கொண்டிருந்தது. இடுப்பளவுகூட இல்லாத அலை. அடுத்தடுத்துக் குறுகலாக வந்தது. அண்ணன் என்ஜினை முடுக்கினார். முதல் அலையில் அணியம் எழுந்தது, இரண்டாவதில் விழுந்தது. 'விழுந்தது' என்ற வார்த்தையை யோசித்துத்தான் எழுதுகிறேன். நெல் மூட்டையை லாரியிலிருந்து தரையில் போடுகிற சத்தம். மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் என் பற்கள் மோதிக்கொண்டன. சதுரமான முன்பக்கம் தண்ணீரை ஒதுக்காமல் நேராக மேலே அடித்து, காற்று அதை அப்படியே எங்கள் முகத்தில் கொண்டுவந்து கொட்டியது. நாலாவதோ ஐந்தாவதோ விழுகையில் நான் பலகையிலிருந்து ஒரு சாண் எழும்பி, படகு எதிரே வரும்போது அதன் மேல் உட்கார்ந்தேன். கண்ணில் வெளிச்சம் போய்விட்டு வந்தது.

அண்ணன் வேகத்தைக் குறைத்து, படகை அலைக்குப் பக்கவாட்டில் திருப்பினார். அடி நின்றது, வேறொன்று தொடங்கியது. ஒவ்வொரு அலைக்கும் படகு ஒரு பக்கம் வெடுக்கென்று சாய்ந்து உடனே மறு பக்கம் வெடுக்கென்று நிமிர்ந்தது. ஊஞ்சல்போல இல்லை, யாரோ சட்டைக் காலரைப் பிடித்து உலுக்குகிற மாதிரி. உள்ளே திண்ணையாக இருந்த அதே படகு.

இரண்டு வாரம் கிளையில் காற்றடைத்த ரப்பர் வளையத்தின் மேல் உட்கார்ந்து பணம் எண்ணினேன். வால் எலும்பில் அடி. வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். சக ஊழியர்களிடமிருந்து மறைக்க முடியவில்லை.

அது ஏன் அப்படி நடந்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சாய்ந்த படகு நிமிர்வது ஏன் என்பதற்குக் கணிதத்தை முதலில் தெளிவாக எழுதியவர்களில் பியர் புகேர் என்ற பிரெஞ்சுக்காரர் முக்கியமானவர். 1746இல் கப்பல்களைப் பற்றிய அவருடைய நூல் வந்தது. படகு சாயும்போது தாழ்கிற பக்கம் அதிகத் தண்ணீரை விலக்குகிறது. தண்ணீர் அந்தப் பக்கத்தை மேலே தள்ளுகிறது. அகலம் கூடக்கூட இந்தத் தள்ளல் ஒரேயடியாக வளர்கிறது. மூன்று வயிற்றுப் படகில் மிதப்பின் பெரும்பகுதி ஓரங்களில் இருப்பதால், கொஞ்சம் சாய்ந்ததுமே ஓர வயிறு தண்ணீருக்குள் அழுந்தி எதிர்த்துத் தள்ளுகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைச் சாய்த்துவிட்டால் விறைத்துக்கொண்டு நிமிர்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்தப் பொம்மைக்குள் நாம் உட்கார்ந்திருந்தால் வேடிக்கையாக இருக்காது. நிமிர்த்தும் விசை எவ்வளவு அதிகமோ, ஆட்டம் அவ்வளவு வேகமானது, அவ்வளவு வெடுக்கென்றது. மாலுமிகளின் பேச்சில் இது 'விறைத்த' கப்பல். இதற்கு எதிரானது மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும். ஏறினவனுக்கு முதலில் பயமாக இருக்கும். தூரம் போகிறவனுக்கு அதுதான் சுகம்.

இதில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு சிறிய உண்மை. விறைத்த படகு அடிவானத்துக்குச் சமமாக நிற்பதில்லை. தண்ணீரின் மேற்பரப்புக்குச் சமமாக நிற்கிறது. தண்ணீர் தட்டையாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. தண்ணீர் சரிந்தவுடன் படகும் அந்தச் சரிவுக்கே போகிறது, உடனே, ஒவ்வொரு தடவையும். கழுவெளி பக்கத்துத் தண்ணீரில் நான் படகின் குணம் என்று நினைத்துப் பாராட்டியது பாதிக்குமேல் அந்த இடத்துத் தண்ணீரின் குணம்.

நேர் அலையில் விழுந்த அடிக்குக் காரணம் வேறு. கூரான அடி உள்ள படகு விழும்போது முதலில் கூர் தண்ணீரில் இறங்குகிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அகலம். அடி பல கணங்களில் பகிர்ந்துபோகிறது. மூன்று வயிற்றில் குடைவுகளுக்குள் மாட்டிக்கொள்கிற காற்று சின்ன நெளிவுகளில் மெத்தைபோல உதவுகிறது. ஆனால் அலை கொஞ்சம் பெரிதாகிக் குடைவின் கூரையைத் தண்ணீர் தொட்டுவிட்டால் முழு அகலமும் ஒரே கணத்தில் மோதுகிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. நீரைக் கத்திபோல அறுத்துச் செல்லும் ஆழமான கூம்பு அடியை நவீன விசைப்படகுக்குக் கொடுத்தவரும் அதே ரே ஹன்ட்தான். அடி இரு பக்கமும் சுமார் 24 பாகை ஏறிச் செல்லும் அந்த வடிவத்தில் செய்த 'மாப்பி' என்ற மரப்படகு, 1960இல் மயாமியிலிருந்து நாஸாவுக்கு நடந்த பந்தயத்தில் கொந்தளித்த கடலைச் சுமார் எட்டு மணி நேரத்தில் கடந்து ஜெயித்தது. நின்றால் ஆடும், ஓடினால் தாங்கும். ஒரே மனிதர் மூன்று வருஷங்களுக்குள் நிற்பதற்கு ஒரு படகையும் ஓடுவதற்கு ஒரு படகையும் உலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். இரண்டையும் ஒன்றோடொன்று வைத்து அவர் குழப்பிக்கொள்ளவில்லை. குழப்பிக்கொள்வதற்கு விமர்சகன் வேண்டியிருக்கிறது.

ரப்பர் வளையம் தேவைப்படாமல் போன பிறகு நண்பனின் அப்பா தம் கட்டுமரத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒரு இடமே கிடையாது. நாலைந்து இலேசான கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். அலை வரும்போது அதன் ஒரு பகுதி கட்டைகளின் இடுக்குகள் வழியாக மேலே வந்து, என் தொடைகளை நனைத்து, வந்த வழியே போய்விடும். தண்ணீரை வெளியே நிறுத்துகிற உத்தேசமே அதற்கு இல்லை. ஆகவே தண்ணீர் நுழைந்துவிட்டது என்ற ஆபத்தும் இல்லை. முதல் பத்து நிமிஷம் உயிர் கையில் இருந்தது. பிறகு கவனித்தேன், அடி விழவில்லை. அலை வந்தது, கட்டைகள் கயிற்றுக்குள் கொஞ்சம் நெகிழ்ந்தன, அலை போயிற்று.

இந்த நெகிழ்ச்சி இந்தக் கரைக்குப் பழைய ஞானம். சென்னைக்குத் துறைமுகம் இல்லாதிருந்த காலத்தில், வெளியே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். உள்சட்டம் இல்லாமல், ஆணி இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்தவை. கப்பல்களோடு வந்த விறைப்பான படகுகள் மணலில் மோதினால் உடைந்தன. இவை வளைந்து கொடுத்துத் தப்பின. வெள்ளைக்காரப் பயணிகள் பயந்துகொண்டேதான் அவற்றில் ஏறினார்கள். ஆனாலும் ஏறினார்கள்.

கட்டுமரம் என்ற சொல்லின் கதையும் இங்கே சொல்லத் தக்கது. 1697இல் வந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இந்தச் சொல் ஆங்கிலத்தில் பதிவாகிறது. பிறகு அங்கே அது இரண்டு உடல்கள் கொண்ட படகுக்குப் பெயராயிற்று. நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான். இருபதாம் நூற்றாண்டில் மூன்று உடல்கள் கொண்ட பாய்ப்படகுக்குப் பெயர் தேவைப்பட்டபோது முன்பாதியை வெட்டிவிட்டு 'டிரைமரன்' என்று செய்துகொண்டார்கள். வெட்டிப் போட்ட பாதி 'கட்டு'. மிஞ்சியது மரம் மட்டும். கட்டைகளைக் காப்பாற்றுவது கயிறுதான் என்று தெரிந்த யாரும் இப்படி வெட்டியிருக்க மாட்டார்கள்.

கட்டுமரத்தை ஆராதிப்பது என் நோக்கமில்லை. நகரத்துக் கவிஞர்கள் அதை வேண்டிய அளவு செய்திருக்கிறார்கள். அதில் மண்டியிட்டு மண்டியிட்டு அந்தப் பெரியவரின் முழங்கால்கள் வீங்கிப்போயிருந்தன. உப்புத் தண்ணீர் ஆறவிடாத புண்கள் உண்டு. ஃபைபர் படகு ஒரு காலையில் போய்வரும் தூரத்தைக் கட்டுமரம் நினைத்துப் பார்க்க முடியாது. மகன் ஃபைபருக்குப் போனது சரிதான் என்று அவரே சொன்னார். மூன்று வயிற்றுப் படகுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அமைதியான தண்ணீரில் இரண்டு பேர் ஒரே ஓரத்தில் நின்று வலை இழுப்பதற்கு அதைவிட நல்ல மேடை இல்லை. அண்ணன் அதை முகத்துவாரத்துக்கு உள்ளே மட்டும் கொஞ்ச காலம் உபயோகித்தார். அதன் குற்றம் அதனுடையது அல்ல. அதை வெளியே கொண்டுபோனது எங்கள் குற்றம்.

இனி மதிப்புரைக்கு வருகிறேன்.

பி.ஏ. ஆங்கிலத்தில் எனக்குப் பிடித்துப்போன புத்தகம் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸின் 1924ஆம் வருஷத்து விமர்சனக் கோட்பாட்டு நூல். எதிரெதிரான உந்துதல்கள் ஒரு கவிதையில் சமநிலை அடைகின்றன என்ற அவருடைய கருத்தை நான் பரீட்சைக்காகப் படித்து, பரீட்சை முடிந்த பிறகும் வைத்துக்கொண்டேன். 'எழுத்து' காலத்திலிருந்து நம்மிடையே வளர்ந்த, கவிதையை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கிற பழக்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் சமநிலை என்றதும் நான் தராசை நினைத்தேன். ரிச்சர்ட்ஸின் சமநிலை, அசைகிற மனசுக்குள் நடப்பது. என்னுடையது மேசைமேல் நிற்பது.

நண்பனின் முதல் தொகுதி அதற்கு இசைவாக இருந்தது. ஒவ்வொரு படிமத்துக்கும் ஒரு எதிர்ப்படிமம். கடல் என்றால் அடுத்த வரியில் கிணறு. பிறப்பு ஒரு ஓரம், சாவு மறு ஓரம், நடுவில் ஒரு அமைதியான வாக்கியம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உடனே எதிர்த்துத் தள்ளுகிற ஒரு வயிறு இருந்தது. அவற்றில் ஏறி நான் ஓரத்துக்கு ஓரம் நடந்து பார்த்தேன், அசையவில்லை, ஸ்திரம் என்று எழுதினேன். அவை எந்தத் தண்ணீரில் நின்றன என்று கேட்கவில்லை. இருபத்தாறு வயதில், அப்பா அம்மா திடமாக இருக்க, முதல் சம்பளம் வாங்குகிறவனின் தண்ணீர் அது. அமைதியாகத்தான் இருந்தது. அவை பொய்க் கவிதைகள் இல்லை. உள்ளேயே இருந்த கவிதைகள்.

இரண்டாவது தொகுதியில் ஒரு கவிதை. அப்பா வலையைச் செப்பனிடுகிறார், மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். தொடக்கத்தில் அப்பா முன்னிலையில், 'நீ' என்று இருக்கிறார். நடுவில் எங்கேயோ 'அவர்' ஆகிவிடுகிறார். கடைசி ஆறு வரிகளில் அவரைக் குறிக்கிற சொல்லே இல்லை. ஊசி மட்டும் கண்ணிகளுக்குள் போய்வருகிறது. இந்தக் கவிதையை உதாரணமாக எடுத்துத்தான் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். முன்னிலையும் படர்க்கையும் குழம்பியிருக்கின்றன என்று, பள்ளிக்கூட வாத்தியாரான அவனுக்கு, இலக்கணம் சொல்லிக்கொடுத்தேன். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். எனக்குத் தெரியாது, மாற்றலாகிச் செஞ்சிக்கு வந்துவிட்டிருந்தேன். தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்பது எனக்குச் சாதகமான விஷயமில்லை. தெரியாவிட்டாலும் அந்தக் கவிதையிலேயே அது இருந்தது. ஒரு மனிதர் எதிரிலிருந்து நகர்ந்து நகர்ந்து கண்ணுக்கு அப்பால் போகிறார். அதற்கு ஏற்றாற்போலச் சொல் நெகிழ்ந்துகொடுத்திருக்கிறது. நான் அதன் மேல் நின்று பார்த்தேன், ஆடிற்று, இறங்கிவிட்டேன்.

2021இல் பெரியவர் காலமான செய்தி வேறொருவர் மூலம் தெரிந்தது. போனேன். வீட்டு ஓரமாக மூன்று வயிற்றுப் படகு கவிழ்ந்து கிடந்தது. குடைவுகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது, அடியில் கோழிகள். நண்பன் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முதுகு இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டான்.

பரவாயில்லை என்றேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தக் கேள்வி வேலை செய்யத் தொடங்கியது. அவன் குத்தலாகக் கேட்கவில்லை. அது எனக்கு நிச்சயம். ஆனால் ஸ்திரமான படகு என்னை என்ன செய்தது என்று அறிந்த முதுகையும், ஸ்திரமில்லை என்று ஒரு புத்தகத்தை ஒதுக்கிய கையையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்குள் எப்படி எழுதினேன் என்று திண்டிவனம் வரும்வரை யோசித்தேன். அனுபவத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிற விமர்சனம், விமர்சகனின் அனுபவத்தை மட்டும் மேசைக்கு வெளியே நிறுத்திவைக்கிறது.

அந்தத் தொகுதியை இப்போது வேறு மாதிரிப் படித்துப் பார்த்திருக்கிறேன். விடுமுறைகளில் சீயமங்கலத்துக் குகைக் கோயில் வாசலில் உட்கார்ந்து, வாய்விட்டு, ஒரு கவிதையை நிறுத்தாமல் கடைசிவரை. நடுவில் நின்று சோதிப்பதில்லை. அங்கே அரைத்தூண் ஒன்றின் மேல், ஒரு சாண் கட்டத்துக்குள், காலைத் தூக்கி ஆடும் சிவன் இருக்கிறார். தமிழ்நாட்டுக் கல்லில் ஆடவல்லானின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று என்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாக ஆடாத பாறையில், ஒற்றைக் காலில் நிற்கிற அந்த உருவத்தைத்தான் சிற்பி செதுக்கினான். இரண்டு காலையும் ஊன்றி நிற்கிற துவாரபாலகர்களும் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வேலை வாசலில் நிற்பது.

முப்பத்தெட்டு கவிதைகளில் மூன்று இன்றும் எனக்குத் தேறவில்லை. அவை நெகிழவில்லை; கயிறு அவிழ்ந்திருக்கிறது. நெகிழ்வதும் அவிழ்வதும் கரையிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏறிப் போய்ப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. இன்னும் ஏழெட்டுக் கவிதைகளைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை. மீதியைப் பற்றி 2019இல் எழுதியது தவறு. குறிப்பாக வலைக் கவிதையைப் பற்றி எழுதியது. 'கவனக்குறைவு' என்ற சொல்லை நான் எனக்கு எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கட்டுரையின் பிரதியொன்றை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்த பிறகு அச்சுக்குக் கொடுக்கலாமே என்று ஒரு கணம் யோசித்தேன். மதிப்புரையை அவனைக் கேட்டா அச்சுக்குக் கொடுத்தேன் என்று தோன்றியது.